பிரிட்ஜ் ஏலம்: எப்போ வாயைத் திறக்கணும்?

சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தாலே "உருப்பட்ட மாதிரிதான்" என்று சொல்லும் ஊர் நம்ம ஊர். அதனால் முதலிலேயே ஒரு சட்டப் பாதுகாப்பு எடுத்துக்கொள்கிறேன். 1968-ல் ரம்மி பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், அது பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று சொன்னது. ரம்மியில் இருக்கும் அதிர்ஷ்டம், பிரிட்ஜில் சீட்டு பகிரும்போது இருக்கும் அதிர்ஷ்டம் மாதிரிதான் என்றும் அதே தீர்ப்பில் வருகிறது. அதாவது, ரம்மியைக் காப்பாற்ற பிரிட்ஜைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ஆகவே, மை லார்ட், இன்றைய பதிவு பிரிட்ஜ் பற்றி :-)

பிரிட்ஜ் என்றால் வயதானவர்கள் கிளப்பில் ஏசி போட்டு ஆடுவது என்றுதான் என் வகுப்பில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். முழுக்கத் தப்பும் இல்லை. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60, கூட ஆடிய ஷிப்நாத் சர்க்காருக்கு 56. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் ஆண்கள் அணி வெள்ளி வாங்கியது. ஓடவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம், அறுபது வயதிலும் மெடல் வாங்கலாம் என்கிற ஆட்டம் வேறு எது இருக்கிறது சொல்லுங்கள்?

சரி, ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு பாரா. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

முந்நூற்று நாலு ஆடியிருப்பீர்களே, அதே குடும்பம்தான். நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. அங்கே ஜாக்கிதான் பெரிசு, 30 பாயின்ட். இங்கே ஏஸ் பெரிசு. அங்கே 32 சீட்டு. இங்கே முழுக்கட்டு, ஆளுக்கு 13. அங்கே முதல் நாலு சீட்டைப் பார்த்தே கேட்க ஆரம்பிப்போம். இங்கே 13 சீட்டையும் பார்த்துவிட்டுத்தான் ஏலம். ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது ஏலம் கேட்கலாம், அல்லது "பாஸ்" சொல்லலாம். கேட்பதை ஆங்கிலத்தில் பிட் என்பார்கள். பரீட்சையில் அடிக்கிற பிட் இல்லை மக்களே. "1 ஸ்பேட்" என்று கேட்டால், ஸ்பேட் துருப்பு, 6-உடன் 1 சேர்த்து 7 பிடி பிடிக்கிறேன் என்று அர்த்தம். "4 ஆர்ட்டின்" என்றால் 10 பிடி. வரிசை: கிளாவர், டைமன், ஆர்ட்டின், ஸ்பேட், எல்லாவற்றுக்கும் மேலே நோ ட்ரம்ப். ஏழு படி, ஒவ்வொரு படியிலும் ஐந்து, ஆக மொத்தம் 35 கேள்விகள்தான் இந்த மொழியின் அகராதி. கூடவே பாஸ், டபுள், ரீடபுள். இந்தச் சின்ன அகராதியை வைத்துக்கொண்டு, கையில் என்ன இருக்கிறது என்று பார்ட்னருக்குச் சொல்லியாக வேண்டும். எதிராளியும் அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

இப்போது கேள்வி. எதிராளி முதலில் ஏலத்தை ஆரம்பித்துவிட்டார். நாம் உள்ளே நுழைவதா, சும்மா இருப்பதா?

எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த பெரியவரிடம் இதற்கு ஒரே பதில்தான். "கையில இருந்தா சொல்லு தம்பி, இல்லாட்டி பாஸ்." நாற்பது வருடமாக ஆடுபவர். அவர் ஆடும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது பாதிதான் சரி என்பது என் கட்சி. இதைப் படித்தால் அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து முறைப்பார். பரவாயில்லை.

"இருந்தா" என்றால் என்ன இருந்தால்?

எல்லோரும் கற்றுக்கொள்ளும் முதல் கணக்கு: ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. கட்டில் மொத்தம் 40. சராசரியாக ஆளுக்கு 10. ஏலத்தை நாமே ஆரம்பிக்க 12 அல்லது 13 வேண்டும். அதனால் எதிராளி ஆரம்பித்த பிறகு உள்ளே நுழையவும் அதே அளவு வேண்டும் என்று மனசு தானாக நினைத்துக்கொள்கிறது. இங்கேதான் தப்பு ஆரம்பம்.

இரண்டு கைகளைப் பாருங்கள்.

முதல் கை: ஸ்பேட் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 4. ஆர்ட்டின் 8, 3. டைமன் ராணி, 9, 6, 5. கிளாவர் 7, 2. மொத்தம் 8 பாயின்ட். வலப்பக்கத்தவர் 1 கிளாவர் என்று ஆரம்பிக்கிறார்.

இரண்டாவது கை: ஸ்பேட் ராஜா, ஜாக்கி. ஆர்ட்டின் ராணி, 8, 6, 4, 2. டைமன் ராஜா, ஜாக்கி, 3. கிளாவர் ராணி, ஜாக்கி, 4. மொத்தம் 13 பாயின்ட். வலப்பக்கத்தவர் 1 ஸ்பேட் என்று ஆரம்பிக்கிறார்.

பாயின்ட் கணக்குப்படி இரண்டாவது கைக்காரர் பேச வேண்டும், முதல் கைக்காரர் வாயை மூட வேண்டும். நான் சொல்வது நேர் எதிர்.

முதல் கையில் 1 ஸ்பேட் கேட்டால் மூன்று லாபம். ஒன்று, அடுத்து பேசப்போகும் எதிராளி சௌகரியமாகச் சொல்லியிருக்கக்கூடிய 1 டைமன், 1 ஆர்ட்டின் இரண்டையும் பிடுங்கிவிட்டோம். அவர் அகராதியில் இரண்டு வார்த்தை காலி. இரண்டு, கடைசியில் எதிராளியே ஏலம் எடுத்தாலும், முதல் சீட்டு எதை இறக்குவது என்று பார்ட்னர் தலையைச் சொறிய வேண்டாம். ஸ்பேட் இறக்குவார். மூன்று, பார்ட்னரிடம் மூன்று ஸ்பேட் இருந்தால் நாமே ஏலத்தை எடுக்க வழி இருக்கிறது. ஆபத்து? ஸ்பேட் துருப்பாக ஆடினால் ஏஸ் ஒன்றுதான் வெளியே. நாலு பிடி கிட்டத்தட்ட கைமேல்.

இரண்டாவது கையில் 2 ஆர்ட்டின் கேட்க வேண்டியிருக்கும். அதாவது 8 பிடி. துருப்பைப் பாருங்கள்: ராணி தலைமையில் ஒரு சில்லறைக் கூட்டம். எதிராளியிடம் ஏஸ், ராஜா, ஜாக்கி, 10 இருந்து டபுள் சொன்னால் கதை முடிந்தது. நம்மிடம் இருக்கும் ஸ்பேட் ராஜா, ஜாக்கி இரண்டும் எதிராளியின் ஆட்டத்தைக் கெடுக்கத்தான் உதவும்; நம் ஆட்டத்தை ஜெயிக்க உதவாது. பாஸ் சொல்லிவிட்டு அமைதியாக உட்காருவதுதான் புத்திசாலித்தனம்.

ஆக, "இருந்தா" என்பது பாயின்ட் இல்லை. நீளமான, கெட்டியான ஒரு ஜாதி. 13 பாயின்ட் சிதறிக் கிடப்பதைவிட 8 பாயின்ட் ஒரே இடத்தில் குவிந்திருப்பது மேல்.

பாஸ் இலவசம் இல்லை

இது என் பாடத்துக்குள் வரும் விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பிரிட்ஜ் மார்க் போடும் முறையில் ஒரு அழகு உண்டு. 1925-ல் ஹரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கப் பணக்காரர், பனாமா கால்வாய் வழியாகப் போகும் கப்பலில் நண்பர்களோடு ஆடியபோது இந்த முறையை ஆடிப் பார்த்தார். கேட்ட அளவுக்குத்தான் போனஸ். கேட்காமல் கூடுதலாகப் பிடித்தால் சில்லறைதான். கூடவே "வல்னரபிள்" என்று ஒரு நிலை. அந்த நிலையில் ஜெயித்தால் போனஸ் பெரிசு, தோற்றால் அடியும் பெரிசு. இப்போதைய போட்டிகளில் யார் வல்னரபிள் என்பது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பே போர்டில் அச்சாகி இருக்கும்.

எதிராளி வல்னரபிள், நாம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் 4 ஆர்ட்டின் கேட்டு ஜெயித்தால் 120-ம் போனஸ் 500-ம் சேர்ந்து 620. அதற்கு மேல் நாம் 4 ஸ்பேட் கேட்கிறோம், அவர்கள் டபுள் சொல்கிறார்கள், நாம் தோற்கிறோம். ஒரு பிடி குறைந்தால் 100. இரண்டு குறைந்தால் 300. மூன்று குறைந்தால் 500. நாலு குறைந்தால் 800.

பார்த்தீர்களா? மூன்று பிடி குறைந்து தோற்றாலும் 620-க்குப் பதில் 500. லாபம் 120. தோற்று லாபம் பார்க்கும் ஆட்டம் இது!

இதையே எல்லா நிலைக்கும் போட்டுப் பார்த்தால் ஒரு எளிய சூத்திரம் வருகிறது.

1. அவர்கள் மட்டும் வல்னரபிள்: மூன்று பிடி வரை தோற்கலாம் (500, எதிரே 620).
2. இருவரும் ஒரே நிலை: இரண்டு பிடி வரை (யாரும் வல்னரபிள் இல்லை என்றால் 300, எதிரே 420, இருவரும் என்றால் 500, எதிரே 620).
3. நாம் மட்டும் வல்னரபிள்: ஒரே ஒரு பிடி (200, எதிரே 420). இரண்டாவது பிடி போனாலே 500. நஷ்டம்.

மூன்று, இரண்டு, ஒன்று. மனப்பாடம் செய்ய இதைவிட எளிதாக ஏதாவது உண்டா? ஒரு எச்சரிக்கை மட்டும்: இதெல்லாம் அவர்கள் 4 ஆர்ட்டின் ஜெயிப்பார்கள் என்றால்தான். அவர்களே தோற்கப்போகும் ஆட்டத்துக்கு நாம் போய் தியாகம் செய்தால், வரவேண்டிய காசும் போய், கைக்காசும் போகும்.

இப்போது மனித மனசுக்கு வருவோம். நாலு பிடி குறைந்து 800 கொடுத்தீர்கள் என்றால் பார்ட்னர் உங்களை வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே வருவார். உண்மையில் நஷ்டம் எவ்வளவு? எப்படியும் 620 போயிருக்கும். ஆக 180 மட்டுமே. ஆனால் பாஸ் சொல்லி 620 கொடுத்தால் யாரும் வாயே திறப்பதில்லை. "அவங்களுக்குச் சீட்டு வந்துச்சு, நாம என்ன பண்றது" என்று தோளைக் குலுக்கிவிட்டு டீ குடிக்கப் போவோம். அங்கே 500-க்கு முடிக்க வழி இருந்திருந்தால், விட்டது 120.

காஸ்டிங் பேப்பரில் வாய்ப்புச் செலவு என்று ஒரு வரி படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கைவிட்ட அடுத்த நல்ல வழியின் மதிப்பு. எந்த லெட்ஜரிலும் பற்று வைக்கப்படாத செலவு. பிரிட்ஜ் மேஜையில் பாஸ் என்ற பச்சை அட்டை அப்படிப்பட்ட செலவுதான். கணக்கில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. "இல்லாட்டி பாஸ்" என்ற அறிவுரையில் நான் காணும் ஓட்டை இதுதான். அது பாஸுக்கு விலை பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது.

அவர்களுக்கு ஜோடி சேர்ந்தால் நமக்கும் சேரும்

எதிராளி இருவரும் ஒரே ஜாதியைச் சொல்லி, அவர்களிடம் அதில் 9 சீட்டு இருக்கிறது என்று வையுங்கள். அந்த ஜாதியில் நம் இருவரிடமும் சேர்த்து 4. நம்மிடம் மொத்தம் 26 சீட்டு. மீதி 22 சீட்டு மூன்று ஜாதிகளில் இருக்க வேண்டும். 22-ஐ மூன்றாகப் பிரித்தால் ஏதாவது ஒன்றில் 8 வந்தே தீரும். தப்பிக்கவே முடியாது. அவர்களிடம் 8 என்றால், நம்மிடம் மீதி 21. சரியாக 7, 7, 7 என்று விழுந்தால் ஒழிய, அங்கேயும் ஏதாவது ஒன்றில் 8 உண்டு.

எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் இதன் அர்த்தம் பெரிசு. அவர்கள் சந்தோஷமாக ஒரு ஜாதியில் கை குலுக்கும்போது, பார்ட்னர் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும், நமக்கும் ஒரு ஜாதி இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

இதன்மேல் ஒரு மாடி கட்டினார் பிரான்ஸைச் சேர்ந்த ழான் ரெனே வெர்ன். 1969-ல் அமெரிக்காவின் "பிரிட்ஜ் வேர்ல்ட்" பத்திரிகையில் அவர் எழுதியது: இரு தரப்பும் தங்கள் நல்ல துருப்பில் ஆடினால் கிடைக்கும் மொத்தப் பிடிகள், இரு தரப்பின் துருப்புச் சீட்டுகளின் மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அவர்களுக்கு 8 ஆர்ட்டின், நமக்கு 8 ஸ்பேட் என்றால் மொத்தம் 16 பிடி. அவர்கள் 8 பிடித்தால் நமக்கும் 8. அவர்கள் 9 என்றால் நமக்கு 7. 1992-ல் லாரி கோஹன் இதைப் புத்தகமாக எழுதி உலகம் முழுக்கப் பரப்பினார். அதிலிருந்து வந்த நடைமுறை விதி: இருவரிடமும் சேர்த்து எத்தனை துருப்போ அத்தனை பிடி வரை கேட்கலாம். 8 துருப்பு என்றால் 2-ஆம் படி, 9 என்றால் 3, 10 என்றால் 4.

இது சட்டம் இல்லை, சராசரி. 2004-ல் மைக் லாரன்ஸ், ஆண்டர்ஸ் விர்க்ரென் இருவரும் இதை எதிர்த்தே ஒரு புத்தகம் போட்டார்கள். ஒரே மாதிரி சமமாகப் பரவிய கைகளில் பிடி குறையும்; ஒற்றைச் சீட்டு, வெற்று ஜாதி இருக்கும் கைகளில் கூடும். துருப்பை மட்டும் எண்ணாதே, கையின் வடிவத்தையும் பார் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ஆனால் என்னை மாதிரி கற்றுக்குட்டிக்கு வெர்ன் கொடுத்த கைத்தடி போதும். ஓடும்போது தூக்கிப்போட்டுக் கொள்ளலாம்.

அவர்கள் நிறுத்தும்போது நாம் ஆரம்பிக்கலாம்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வலப்பக்கத்தவர் 1 ஆர்ட்டின், நாம் பாஸ், இடப்பக்கத்தவர் 2 ஆர்ட்டின், பார்ட்னர் பாஸ், வலப்பக்கத்தவரும் பாஸ். இப்போது நாமும் பாஸ் சொன்னால் ஏலம் முடிந்தது.

நம் கை: ஸ்பேட் ராணி, 10, 8, 4. ஆர்ட்டின் 6, 3. டைமன் ராஜா, ஜாக்கி, 7. கிளாவர் ஏஸ், 9, 8, 2. பாயின்ட் 10. முதல் சுற்றில் பேசப் பத்தாத கை. இப்போது?

யோசியுங்கள். ஆரம்பித்தவர் 2-ஆம் படியிலேயே நிறுத்திவிட்டார், ஆகவே அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. 12 முதல் 15 என்று வைப்போம். ஆதரவு கொடுத்தவரிடம் 6 முதல் 9. இருவரிடமும் சேர்த்து சுமார் 21. கட்டில் 40. 21 போனால் 19. என்னிடம் 10. அப்படியென்றால் பார்ட்னரிடம் சுமார் 9! பார்ட்னர் வாயே திறக்கவில்லை, ஆனால் அவர் கையில் இருப்பதை எதிராளிகளின் மௌனம் சொல்லிவிட்டது.

இங்கே "டபுள்" சொல்ல வேண்டும். தண்டனை டபுள் இல்லை; "பார்ட்னர், மற்ற மூன்றில் உனக்குப் பிடித்ததைச் சொல்" என்கிற டபுள். அவர் 2 ஸ்பேட் சொல்லி ஜெயித்தால் நமக்கு 110. வல்னரபிள் இல்லாமல் ஒரு பிடியில் தோற்றால் 50. அவர்களை 2 ஆர்ட்டின் ஆட விட்டிருந்தால் 110 போயிருக்கும். இரண்டு பிடி போனாலும், டபுள் வாங்காத வரை, 100-தான். இன்னும் நல்லது நடக்கலாம்: அவர்கள் ரோஷப்பட்டு 3 ஆர்ட்டினுக்குப் போய் ஒரு பிடியில் விழலாம். நாம் வல்னரபிளாக இருந்தால் மட்டும் கை கொஞ்சம் நடுங்க வேண்டும். இரண்டு பிடி போனால் 200.

ஆக, அதே 10 பாயின்ட், முதல் சுற்றில் மௌனம், கடைசிச் சுற்றில் பேச்சு. "எவ்வளவு இருக்கிறது" என்பது மாறவில்லை. "எப்போது" என்பதுதான் மாறியது.

வாயை மூட வேண்டிய இடங்கள்

இதுவரை படித்துவிட்டு எல்லாக் கையிலும் குதித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. பெரியவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொன்னேனே, அது இங்கே.

இரண்டு எதிராளிக்கும் நடுவே மாட்டும் இடம் ஒன்று உண்டு. இடப்பக்கத்தவர் ஆரம்பித்தார், பார்ட்னர் பாஸ், வலப்பக்கத்தவர் புதிதாக ஒரு ஜாதி சொன்னார். இப்போது நம் முறை. இருவரும் தங்கள் பலத்துக்கு மேல்வரம்பு சொல்லவில்லை. குறைந்தது 18 பாயின்ட் அவர்களிடம். எவ்வளவு அதிகம் என்று தெரியாது. பார்ட்னர் ஏற்கெனவே ஒன்றும் இல்லை என்ற மாதிரி இருக்கிறார். இங்கே சுமாரான ஐந்து சீட்டை வைத்துக்கொண்டு உள்ளே போனால் இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவிய சாண்ட்விச் நாம்தான்.

இன்னொன்று, ஏலம் எடுக்கப் போவதில்லை என்று நமக்கே தெரிந்தும் சும்மா கையை வர்ணிப்பது. நம்மிடம் எந்த ஜாதி நீளம் என்று சொல்லிவிட்டால், கடைசியில் ஆடப்போகும் எதிராளிக்கு ராணி யாரிடம் என்று யோசிக்கிற வேலையே இல்லை. திருடனுக்கு வீட்டு வரைபடம் கொடுத்த மாதிரி.

மூன்றாவது, சொன்னதையே திரும்பச் சொல்வது. பலவீனமான கையில் நீளமான ஜாதியை வைத்துக்கொண்டு ஒரே தாவலில் 3 ஆர்ட்டின் வரை போயாச்சு என்றால், உங்கள் கதை முடிந்தது. மீதி முடிவு பார்ட்னர் கையில். மறுபடி நுழைந்தால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம்.

இதோடு ஒரு ஒழுக்க விஷயம். போட்டிகளில் ஏலம் வாயால் கேட்பதில்லை, பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைப்போம், குரலே காட்டிக்கொடுக்கும் என்பதால். ஆனாலும் நேரம் காட்டிக்கொடுக்கும். அரை நிமிடம் யோசித்துவிட்டு பாஸ் வைத்தால், "என்னிடம் ஏதோ இருக்கு, ஆனா பத்தல" என்று பார்ட்னருக்குத் தந்தி போன மாதிரி. அந்தத் தகவலைப் பார்ட்னர் பயன்படுத்தக்கூடாது என்று ஆட்ட விதி 16 சொல்கிறது. ஆகவே எப்போது நுழைவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பது நாகரிகமும்கூட. தயங்கித் தயங்கி எடுக்கும் முடிவு பார்ட்னரின் கையைக் கட்டிவிடுகிறது.

கொஞ்சம் காமர்ஸ்

ஏலமும் சீட்டும் சேர்ந்தால் நம்ம ஊரில் வேறு அர்த்தம். மாதம் எவ்வளவு தள்ளு என்று கேட்பார்கள். ஏலத்தில் ஜெயித்தவர்தான் பெரும்பாலும் ஏமாந்தவர் என்பதை 1971-ல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்த கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் எழுதினார்கள். கடலடியில் எண்ணெய் எவ்வளவு என்று எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்கள். அதில் மிக அதிகமாக மதிப்பிட்டவர்தான் ஏலம் எடுக்கிறார். ஆகவே அவர்தான் அதிகம் தப்பு செய்தவர். ஜெயித்தவனின் சாபம் என்று இதற்குப் பெயர். 2020-ல் பால் மில்க்ரோம், ராபர்ட் வில்சன் இருவரும் ஏலக் கோட்பாட்டுக்காகப் பொருளாதார நோபல் வாங்கினார்கள். அவர்கள் ஆராய்ச்சியில் இந்தச் சாபத்துக்கும் ஒரு பெரிய இடம் உண்டு.

பிரிட்ஜில் இந்தச் சாபம் உண்டு. ஆனால் மாற்று மருந்தும் உண்டு. எண்ணெய் ஏலத்தில் நான் விலையை ஏற்றிவிட்டு விலகினால் எனக்கு நேரடியாக ஒன்றும் கிடைக்காது. பிரிட்ஜில் எதிராளியை ஒரு படி மேலே தள்ளி அவர் விழுந்தால் அது என் கணக்கில் வரவு. அதனால் "ஜெயிக்க முடியாது என்றால் கலந்துகொள்ளாதே" என்ற வியாபார புத்தி இங்கே முழுசாகச் செல்லாது.

2022 மார்ச்சில் பாரிஸில் நூக் என்ற கணினி நிரல் எட்டு உலக சாம்பியன்களைத் தோற்கடித்தது. பெரிய செய்தி. ஆனால் அது ஏலம் எடுத்தவராக சீட்டு ஆடும் பகுதி மட்டும்தான். ஏலம் கேட்பது அந்தப் போட்டியில் இல்லவே இல்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. சீட்டு ஆடுவது கணக்கு. ஏலம் கேட்பது பேச்சு. பார்ட்னர் புரிந்துகொள்ள வேண்டும், எதிராளி குழம்ப வேண்டும், இரண்டும் ஒரே வார்த்தையில்.

ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்

என் வகுப்பில் பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள் நிறைய. நானும் அதில் ஒருத்தன். இறுதி ஆண்டு வந்தால் கேம்பஸ் வேலைக்கு குரூப் டிஸ்கஷன் வைக்கிறார்கள். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பதினைந்து நிமிடம் பேச வேண்டும். நகரப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் முதல் நொடியில் ஏலத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பாஸ். பாஸ். பாஸ். விஷயம் தெரியாமல் இல்லை. "வாக்கியம் முழுசா சரியா வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று காத்திருக்கிறார்கள். 13 பாயின்ட் சேரட்டும் என்று காத்திருப்பதுதான் அது. தப்பான ஆங்கிலத்தில் பேசினால் சிரிப்பார்கள், அது கண்ணுக்குத் தெரியும் 800. பேசாமலே வெளியே வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் 620 போயிருக்கும், சத்தமில்லாமல்.

எல்லாவற்றுக்கும் பேசு என்று நான் சொல்லவில்லை. கணக்கு போட்டுப் பேசு என்கிறேன். கையில் கெட்டியான ஒரு விஷயம், ஒன்றே ஒன்று இருந்தால் போதும், சீக்கிரம் உள்ளே போய் அதைச் சொல்லிவிடுங்கள். சிதறிய பத்து விஷயத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கத்துகிறவர்கள் மூச்சு வாங்க நிறுத்தும் இடம் ஒன்று வரும். அது கடைசி இருக்கை, அங்கே சுமாரான கையே போதும். இரண்டு பேர் கத்திச் சண்டை போடும் நடுவில் மட்டும் போய் உட்காராதீர்கள். ஒருமுறை சொன்னதையே மறுபடி சொல்லாதீர்கள்.

சரி, கடைசியாக வீட்டுப்பாடம். ஸ்பேட் 8. ஆர்ட்டின் ராஜா, ராணி, 10, 9, 7, 3. டைமன் 6, 5. கிளாவர் ஜாக்கி, 10, 8, 4. ஆறே பாயின்ட். வலப்பக்கத்தவர் 1 டைமன் என்று ஆரம்பிக்கிறார். அவர்கள் மட்டும் வல்னரபிள் என்றால் என்ன சொல்வீர்கள்? நாம் மட்டும் வல்னரபிள் என்றால்? முதலாவதற்கு என் பதில் ஒரே தாவலில் 2 ஆர்ட்டின், கொஞ்சமும் யோசிக்காமல். இரண்டாவதில் எனக்கும் பெரியவருக்கும் இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. சாட்சி சொல்ல வருபவர்கள் வரலாம் :-)